மறுபூஜைக்கு முன்னாடி

போல்ட்டு அசைஞ்சுடுச்சு. அசையவே அசையாதுன்னு அப்பா சொன்ன, இஞ்சின் ஆயில் இறக்குற போல்ட்டு, தலை மழுங்கி மொழுக்குன்னு ஆகிப்போன போல்ட்டு, பைப் ரெஞ்சு கடிச்ச கடியில கிரீச்சுன்னு கத்திட்டு லேசா திரும்புச்சு, ரேணுகா வாயிலேர்ந்து தன்னால ஒரு கெட்ட வார்த்தை வந்துச்சு. "ஏண்டி, நாளும் கிழமையுமா என்ன பேச்சுடி இது"ன்னு அம்மா குரல் கேட்டுச்சு. அம்மா கண்ணுக்குத் தெரியல. வண்டிக்கு அடியில அட்டைப்பெட்டியப் பிரிச்சுப் போட்டு மல்லாக்கக் கிடக்கிறவளுக்கு உலகம்னா ரெண்டு அடி உயரம்தான், மேல இஞ்சினு, சுத்தி டயரு, டயருக்கு நடுவுல காலு. நீல வாரு வெச்ச ரப்பர் செருப்புக் காலு அம்மா, குமுதா. செருப்பில்லாம, குதிகால் வெடிப்புல புழுதி அப்பிக் கிடக்கிற காலு அப்பா, கோதண்டம், சினிமா ஷூட்டிங்குக்கு ஓடுற இந்தக் கேரவனோட டிரைவரு. ஆயுத பூஜை முடிஞ்சும் செருப்பு போடாம நிக்கிறாரு, அவ்வளவு பக்தி. பூசணிக்கா உடைச்சாச்சு, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கியாச்சு, ஸ்டூல் மேல சாமி படத்துக்கு முன்னாடி ஸ்பேனரு, ஜாக்கி, பைப் ரெஞ்சு, வண்டிச் சாவிக்கொத்து, பாலிடெக்னிக்ல ஆட்டோமொபைல் படிக்கிற இவளோட புத்தகம், எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு வரிசையா அடுக்கியாச்சு. நாளைக்குக் காலையில மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும், அதுக்குள்ள ஆயுதத்தத் தொடக் கூடாது. ரேணுகா தொட்டா. எல்லாரு கண்ணு முன்னாடியும் பைப் ரெஞ்ச எடுத்தா, பொட்டத் தன் பேன்ட்டுல தேய்ச்சா, அடியில பூந்தா. "பாப்பா வேணாம், அது தெய்வக் குத்தம்"னு அப்பா பதறுனாரு. தெய்வக் குத்தமாம். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கு, புத்தகத்தத் தொடக் கூடாது, ஸ்பேனரத் தொடக் கூடாது, அப்ப நான் எதத்தான் தொடணும், பொரிகடலையையா? குத்தம் எது எதுன்னு பேச ஆரம்பிச்சா இந்த ஊர்ல ஒரு தெய்வத்துக்கும் தூக்கம் வராதுப்பா.

இப்ப கையாலயே கழட்ட வந்துச்சு, கடைசி மரை விட்டதும் போல்ட்டு வழுக்கி பேசின்ல விழுந்துச்சு, சூடா கறுப்பா ஆயிலு கொட்டி மணிக்கட்டு வழியா இறங்கி முழங்கை வரைக்கும் ஓடி சட்டைக்குள்ள பூந்துச்சு. ஸ்ஸ்ஸ். இதுக்குத்தான்யா வால்வு. இந்தப் போல்ட்டத் தூக்கிப் போட்டுட்டு ஒரே ஒரு தடவ வால்வ மாட்டிட்டா அப்புறம் ஜென்மத்துக்கும் ரெஞ்சு வேணாம், ஒத்த விரலால நெம்பித் திருப்புனா ஆயிலு இறங்கும், திருப்பி விட்டா நிக்கும், சட்டை நாறாது, கை வேகாது. இத நான் போன வருஷத்துலேர்ந்து சொல்றேன். கேட்டாரா? போல்ட்டு ஒழுகுனா சோப்பு. குளிக்கிற சோப்ப எடுத்து ஒழுகுற இடத்துல தேய்ச்சு தேய்ச்சு அடைக்கிறது. ஆயில் தேங்குற சம்ப்பு பூரா சோப்பு வாசனை, இஞ்சினு என்னமோ கல்யாணத்துக்குக் கெளம்புற மாதிரி. ஒழுக ஒழுக இன்னும் இறுக்குறது, இறுக்கி இறுக்கித் தலைய மழுங்க அடிக்கிறது, எதையும் இறுக்கிட்டா சரியாப் போயிடும்னு ஒரு நம்பிக்கை அவருக்கு, குக்கர் மூடி, தண்ணி பாட்டில் மூடி, அவரு மூடுன ஊறுகா பாட்டில அவராலயே திறக்க முடியாது. போன மாசம் ஏதோ பங்களாவுல ஷூட்டிங், வாசல்ல வெள்ளக் கல்லு, அதுல சொட்டுச் சொட்டா ஒழுகி வெச்சிடுச்சு. புரொடக்ஷன் மேனேஜர் கத்துனானாம், "யோவ், வண்டி ஓட்டுறியா மாடு ஓட்டுறியா, போற எடமெல்லாம் போட்டுட்டுப் போவுது"ன்னு, அத்தன பேரு முன்னால. இவரு என்ன பண்ணாரு, தோள்ல இருந்த துண்ட எடுத்து முட்டி போட்டுத் தொடைச்சாரு. அம்மாதான் சொன்னா, அம்மாவும் அன்னிக்கு அங்கதான் இருந்தா. சொல்லிட்டுச் சிரிச்சா. ஏன் சிரிச்சா? எனக்கு இப்ப நினைச்சாலும் பல்லு கூசுது, அந்தத் துண்டு நான் வாங்கிக் குடுத்த துண்டு.

கொட்டுறது மெலிஞ்சு நூலாச்சு. நூலு முழுசா அறுந்து சொட்டாகுற வரைக்கும் காத்துக் கிடக்கணும், அவசரப்பட்டா அடி வண்டல் அங்கயே தங்கிடும். காத்திருக்கிறது இவளுக்கு ஆகாது. கழுத்தத் திருப்புனா. அம்மா காலு. வலது காலு இடது காலு மேல ஏறி நின்னுச்சு. இறங்குச்சு. இடது காலு வலது மேல ஏறுச்சு. அப்புறம் முட்டி ரெண்டும் ஒட்டிக்கிச்சு, புடவ கொசுவம் நடுவுல இறுகுச்சு, பெருவிரலு செருப்ப நெரிச்சுது. ஐயோ. ரேணுகாவுக்கு இந்தக் காலு தெரியும். இந்தக் கால வெச்சே அம்மாவ எந்தக் கூட்டத்துலயும் கண்டுபிடிச்சிடுவா. காலையில ஏழு மணிக்கு பூஜைச் சாமானத் தூக்கிக்கிட்டு இந்த மைதானத்துக்கு வந்தது, போரூர் தாண்டி நாலு பக்கமும் சுவரு வெச்ச காலி மைதானம், பத்துப் பன்னெண்டு கேரவன் வரிசையா நிக்கும், ஒரு கக்கூஸ் கிடையாது. ஆம்பளைங்களுக்குச் சுவரு இருக்கு. சுவத்துல யாரும் பண்ணக் கூடாதுன்னு பிள்ளையாரு, ஏசு, பள்ளிவாசலு மூணு டைல்ஸும் ஒட்டி வெச்சிருக்காங்க, அதனால மூணு டைல்ஸுக்கும் மரியாதையாத் தள்ளி நின்னு பண்றானுங்க. பொம்பளைங்களுக்கு ரோட்டு முனை பெட்ரோல் பங்கு. "இப்பத்தாம்மா போயிட்டு வந்தா"ன்னு அப்பா சொன்னாரு. போயிட்டுத்தான் வந்தா, இருந்துட்டு வரல, பங்குல பாத்ரூம் கதவுக்குக் குங்குமப் பொட்டு வெச்சு, மாவிலை கட்டி, பூட்டு போட்டிருந்தானாம். கக்கூஸ் கதவுக்கும் ஆயுத பூஜை. அம்மா அத எப்படிச் சொன்னா தெரியுமா, ஜோக்கு மாதிரி சொன்னா. சொல்லிட்டு, "எனக்கு ஒண்ணும் அவசரமில்லடி, வீட்டுக்குப் போயிப் பாத்துக்கலாம்"னா. வீடு ரெண்டு பஸ்ஸு தள்ளி.

என் மூஞ்சிக்கு நேர் மேல, இந்தத் தகரத்துக்கும் பலகைக்கும் அந்தப் பக்கம், மூணு ரூமு. ரூமுக்கு ஒரு பாத்ரூம். ஏசி, கண்ணாடி, சுத்தி பல்பு, வெள்ளக் கோப்பை, அமுக்குனா தண்ணி வர்ற ஃப்ளஷ்ஷு. அதோட கழிவுத் தண்ணிக் குழா என் காது பக்கத்துலதான் போவுது, சாம்பக் கலர்ல, கையி நீட்டுனா எட்டும். வெண்ணெயக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையிறதுன்னு சொல்வாங்களே, இங்க வெண்ணெயோட சாவியும் நம்ம வீட்டு ஆம்பளை பொறுப்புலயே இருக்கு, ஆனா நெய்க்குப் பங்குக்குப் போகணும். ஏன்னா ரூலு. ஆர்ட்டிஸ்ட்டத் தவிர யாரும் ஏறக் கூடாது. அம்மாவும் ஆர்ட்டிஸ்ட்டுதான், கார்டு இருக்கு, ஆனா அதுக்கு முன்னால ஜூனியர்னு ஒரு வார்த்தை இருக்கு. கல்யாண சீன்ல பட்டுப்புடவ கட்டி சீர்வரிசைத் தட்டத் தூக்கிக்கிட்டுப் பின்னால நிக்கிறவ. ஹீரோயினோட நாய்க்குட்டி ஏறுச்சு, நான் பாத்தேன், ஸ்கூல் லீவுல ஒரு தடவ அம்மாகூடப் போயிருந்தப்ப ரெண்டு கண்ணாலயும் பாத்தேன், இதே அப்பா படியிழுத்து விட்டாரு, குனிஞ்சு, ரெண்டு கையாலயும், நாய்க்கு. ஐம்பது அடி தள்ளி அம்மா தட்டோட நின்னா, காலு மேல காலு ஏறி ஏறி இறங்குச்சு. அப்பா பாக்கவே இல்ல. பாக்காம இருக்கிறதுக்கு ஒரு தெறமை வேணும். அப்புறம் அம்மா கத்துக்கிட்டா, ஷூட்டிங்குன்னா முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டா. நாக்கு காஞ்சா எச்சி முழுங்குவா. போன மாசம் குளிரு, ஜுரம், இடுப்ப வெட்டுற வலி, மூத்திரத்துல ரத்தம். டாக்டரம்மா கேட்டாங்க, "ஏம்மா, தண்ணி குடிக்க மாட்டீங்களா, அடக்கி வைப்பீங்களா?" அம்மா என்னப் பாத்தா, அப்பாவப் பாத்தா, "மறந்துடுறேன் மேடம்"னா. மறந்துடுறாளாம்! அடுத்த தடவ கிட்னியத் தொட்டுடும்னு டாக்டரம்மா சொன்னப்போ அப்பா ஆஸ்பத்திரித் தரையப் பாத்துக்கிட்டு நின்னாரு. அந்த ஆளு பாக்காத எடமில்ல, பாக்க வேண்டிய எடத்தத் தவிர.

நாளைக்கு மகாபலிபுரம் ரோட்டுல ஷூட்டிங். கல்யாண சீனு. இதே வண்டி, அதே தட்டு. அதான் காலையில எனக்கும் அப்பாவுக்கும் சண்டை. "நீ ஒரு ரூமத் திறந்து விடு, போதும், யாரு கேக்கப் போறா?" "கேப்பாங்கம்மா, ஒரு டிரைவரு லைட்மேன உள்ள விட்டான்னு அவன் சாவியப் புடுங்கிட்டாங்க." "லைட்மேன் உம் பொண்டாட்டியா?" "வாய அளந்து பேசு." "அளந்து பேச நான் என்ன துணியா?" அப்பத்தான் அவரு கோவத்துல சொன்னாரு, நீ பெரிய இஞ்சினியருல்ல, அந்த வால்வு வால்வுன்னு குதிக்கிறியே, இன்னிக்கு அத மாட்டு, ஒரு சொட்டு ஒழுகாம மாட்டிக் காட்டு, நாளைக்கு நான் திறக்கிறேன். ஒழுகுச்சுன்னா? ஒழுகுச்சுன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னு இவ சொன்னா. சொல்லியே தொலைச்சா. அவருக்குத் தெரியும், பூஜையில வெச்ச ரெஞ்ச யாரும் எடுக்க மாட்டாங்கன்னு, அதான் தைரியமா சொன்னாரு. என்னைப் பத்தித் தெரியல. பத்தொன்பது வருஷமா வளத்தாரு, என்னைப் பத்தித் தெரியல.

நூலு அறுந்து சொட்டாச்சு, சொட்டும் நின்னுச்சு. "அம்மா, வால்வு!" அம்மாவோட கை டயருக்கு இந்தப் பக்கம் வந்துச்சு, வளையலோட. புதுசு, பித்தளை, பூஜையில எல்லாத்தோடயும் அதுவும் இருந்துச்சு, நெத்தி நிறையச் சந்தனமும் நடுவுல குங்குமமுமா குட்டிச் சாமியாரு மாதிரி. ரேணுகா கட்டைவிரலால ஒரு இழுப்பு இழுத்துப் பொட்ட அழிச்சா. வாஷரச் சொருவுனா, மரையில வெச்சா, கையாலயே சுத்திச் சுத்தி ஏத்துனா, அப்படியே வெண்ணெ மாதிரி ஏறுச்சு. கடைசியா ஸ்பேனர் போட்டு ஒரு அழுத்து, அவ்வளவுதான், அப்பா மாதிரி ஏறி உக்காந்து இறுக்கல. வெளிய வந்தா, டிரைவர் சீட்டுப் பக்கம் ஏறி இஞ்சின் மூடியத் திறந்து புது ஆயில ஊத்துனா, தேன் கலரு. இறங்குறப்ப அம்மா மூஞ்சியப் பாத்தா. மேலுதடு பூரா வேர்வை. "வாடி, ரெண்டு பொரி போட்டுக்க." "அவசரமா இருக்கா?" "ஒண்ணுமில்லங்கிறேன்ல." "ஸ்டூல் மேலதானே இருக்கு சாவி, எடுத்துத் திறந்துக்க." "மறுபூஜை போடாமயா?" அம்மா குரல்ல நெசமான பயம் இருந்துச்சு. அதுக்கும் ஆத்திரம் வந்துச்சு. சாமி உன்னை அடக்கிக்கிட்டு நில்லுன்னு சொல்லுச்சா? எந்தச் சாமி? அவளும் பொம்பளைதானே, சரஸ்வதி, அவ எங்க போவா? அப்பா பழைய தினத்தந்தி பேப்பர் ஒண்ண விரிச்சு, குனிஞ்சு, சம்ப்புக்கு நேரா வழவழன்னு நீவி விட்டுட்டு, பொரிப் பொட்டலத்த எடுத்துக்கிட்டாரு. "இத நான் தின்னு முடிக்கிற வரைக்கும். ஒரு பொட்டு கூட விழக் கூடாது." "மெதுவாவே தின்னு, விக்கிக்கப் போவுது"ன்னுட்டு ரேணுகா மறுபடி அடியில பூந்தா.

விழல. டார்ச்சு அடிச்சுப் பாத்தா, காஞ்ச பித்தளை, பளபளன்னு. மேல அப்பா மெல்லுற சத்தம், கர்க் கர்க். ஜெயிச்சாச்சு. நாளைக்கு அம்மா தட்டக் கீழ வெச்சுட்டு மகாராணி மாதிரி நடந்து வருவா, இவரு படியிழுத்து விடுவாரு, நாய்க்கு இழுத்த மாதிரியே. அந்த மேனேஜர் வந்து கேட்டா நான் பேசிக்கிறேன், நாளைக்குக் காலேஜும் லீவுதான், கூடவே போறேன். எங்க கிளாஸ்ல இருபத்தெட்டுப் பசங்களுக்கு நடுவுல ஒரே பொண்ணு நான், "ஏம்மா உனக்கு எதுக்கு இந்தக் கரி வேலை, ஓரமா நின்னு குறிச்சுக்கோ"ன்னு சொன்ன சாருகிட்டயே, சார் கண்ணால பாத்துக் கத்துக்க இது என்ன சினிமாவான்னு கேட்டவ நான், ஒரு மேனேஜரு எனக்கு எம்மாத்திரம். அப்படியே அவன் வாயிக்கு நேரா விரல நீட்டி... என்னது அது? வாஷரு ஓரமா. ஒரு மினுக்கு. ஒண்ணுமில்ல, டார்ச்சு வெளிச்சம். வெளிச்சம்தான். இல்ல. வெளிச்சம் இப்படி உருளாது. விளிம்புல ஒரு மணி, கடுகு அளவுல, தேன் கலர்ல, கண்ணு முன்னாலயே மிளகாச்சு. வாணாம். ஏய், வாணாம். மிளகு வளந்து தொங்குச்சு. எப்படி? வாஷரு புதுசு, மரை சரியா இருக்கு, அழுத்தம் சரி, எப்படி ஒழுகும்? அவருதான், ஏதோ பண்ணிட்டாரு, நான் மேல ஆயிலு ஊத்துறப்ப கையி வெச்சிருப்பாரு, பேப்பர் விரிக்கிற சாக்குல. சீ, அவரு அப்படிப் பண்றவரில்ல, அவருக்கு ஏமாத்தவும் தைரியம் கிடையாது. விரலால அந்த விளிம்ப வழிச்சுப் பாத்தா. ஆயிலோட மஞ்சளா ஏதோ ஒட்டுச்சு, மாவு மாதிரி, நறநறன்னு. மோந்து பாத்தா.

சந்தனம்.

அம்மா. அம்மா வெச்ச சந்தனம். புதுச் சாமான், முத பூஜை, எம் பொண்ணு மாட்டப் போறதுன்னு ஒரு விரல் கூடவே குழைச்சு அப்பி வெச்சிருக்கா, அது வாஷரு உக்கார்ற எடத்துல போயிக் காஞ்சு கட்டியாகி, அந்தக் கட்டி மேல வாஷரு ஒக்காந்து, பிடிப்பு விட்டு ஒழுகுது. நான் பொட்ட மட்டும் அழிச்சேன். ஆத்திரத்துல ஒரு இழுப்பு இழுத்தேன், தொடைக்கல, மொதப் பாடம் அதான், மாட்டுறதுக்கு முன்னாடி தொடை, சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும், தொடைக்கல. யம்மா, உனக்காகத் திறக்கப் போன கதவுக்கு நீயே சந்தனம் பூசி அடைச்சிட்டியே. யாரத் திட்ட? சாமியத் திட்டவா, சந்தனத்தத் திட்டவா? ரேணுகா விரல நீட்டி அந்தச் சொட்டுக்கு அடியில வெச்சா. சொட்டு விரல்ல உக்காந்துச்சு. பேப்பர்ல கறை விழல. அடுத்தது வந்துச்சு, அதையும் வாங்கிக்கிட்டா. அவரு தின்னு முடிக்கிற வரைக்கும் வாங்குனாப் போதும், அப்புறம் நானே கழட்டித் தொடைச்சு மாட்டிடுவேன், இது ஏமாத்து இல்ல, ஏமாத்துதான், இருந்தா என்ன, இத்தன வருஷமா இந்த வீட்டுல யாரு எத ஒழுங்காப் பண்ணாங்க? கையி மரத்துச்சு. ஒழுகாம பிடிச்சு வெச்சுக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு, ஒண்ணுமில்லாத மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு... இதத்தானே அவ பண்றா. தினம் இதத்தானே பண்றா. "என்னம்மா, சத்தத்தக் காணோம், ஒழுகுதா?"ன்னு அப்பா கேட்டாரு. ரேணுகா அடுத்த சொட்ட விரல்ல வாங்குனா.

அப்பத்தான் அம்மா காலு நின்னுச்சு. ஏறல, இறங்கல. ரெண்டு செருப்பும் பக்கத்துல பக்கத்துல, ஆணி அடிச்ச மாதிரி. அய்யய்யோ, ஆயிடுச்சா, இத்தன ஆம்பளைங்க நிக்கிற மைதானத்துல எங்கம்மாவுக்கு ஆயிடுச்சா, அந்தச் செருப்பச் சுத்தித் தரையில ஈரம் தெரியுதான்னு ரேணுகா கண்ண இடுக்கிப் பாத்தா. காஞ்ச மண்ணுதான். அந்தக் காலு செருப்பக் கழட்டுச்சு. வெறுங்காலா நடந்துச்சு, சின்னச் சின்ன அடியா, முட்டி பிரியாம, ஸ்டூலுக்குப் போச்சு. டப், டப், டப்புன்னு சத்தம். கன்னத்துல போட்டுக்கிறா. ரெண்டு கையாலயும், மாத்தி மாத்தி, நல்லா ஓங்கி. அப்புறம் சாவிக்கொத்து கலகலன்னு எழுந்துச்சு.

"குமுதா... ஏய், மறுபூஜை போடல."

"நாளைக்குப் போடுறப்ப சேத்து மன்னிப்பு கேட்டுக்கிறேன். அவ எடுத்த ரெஞ்சுக்கும், நான் எடுத்த சாவிக்கும்."

"யாராச்சும் பாத்தா..."

"பாக்கட்டும். நீங்களும் பாருங்க."

வெறுங்காலு வண்டியோட பக்கவாட்டுக்கு வந்து கதவுக்கு நேரா நின்னுச்சு. பூட்டு திறக்கிற சத்தம் கேட்டுச்சு, ஆனா ஏற முடியல, படி உள்ள மடிஞ்சு கிடக்கு, கதவு நெஞ்சு உயரம். ரேணுகா அப்பாவோட கால மட்டும் பாத்தா. அது அசையல. பொரி மெல்லுற சத்தம் இல்ல. அசையேன்யா. குதிகால் வெடிப்பு, புழுதி, நகம் பேந்த கட்டைவிரலு, அந்தக் கால இப்ப ரெஞ்சால ஒண்ணு போட்டா என்னன்னு தோணுச்சு. அந்தக் காலு அசைஞ்சுது. மெதுவா வந்துச்சு, அம்மா கால் பக்கத்துல நின்னுச்சு. முட்டி மடங்குச்சு. அவரு கையி ரெண்டும் ரேணுகாவோட ரெண்டு அடி உலகத்துக்குள்ள வந்துச்சு, பொரி ஒட்டுன கையி, படியோட ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு வெளிய இழுத்துச்சு, கொக்கியில மாட்டுச்சு, ஆடுதான்னு ஒரு தட்டு தட்டிப் பாத்துச்சு. இவ்வளவுதானா? இவ்வளவுதான்யா வேலை? இதுக்கா இத்தன வருஷம், இதுக்கா ரத்தம், இதுக்கா நான் தெய்வக் குத்தம் பண்ணி ஆயில்ல குளிச்சேன்? சந்தோஷப்படணும்னு தோணல, கண்ணுல தண்ணி வந்துச்சு, அது கோவத்துல வந்த தண்ணிதான், யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவா. வெறுங்காலு ஒண்ணு படியில ஏறுச்சு. இன்னொண்ணு. ரெண்டும் மறைஞ்சுது. வண்டி ஒரு மூச்சு அளவுக்கு இறங்குச்சு. நெத்திக்கு மேல பலகையில தடதடன்னு ஓடுற சத்தம், தாழ்ப்பாளு சத்தம், அப்புறம் காதோரம் அந்தச் சாம்பக் கலர் குழா சலசலன்னு பேச ஆரம்பிச்சுது, நிக்காம, ரொம்ப நேரம், காலையிலேர்ந்து உள்ள மொத்தமும்.

ரேணுகா விரல எடுத்துட்டா. சொட்டு பேப்பர்ல விழுந்து, நடுப் பக்கத்துல வட்டமாப் பரவுச்சு.

அப்பா குனிஞ்சு பாத்தாரு. மூஞ்சி தலைகீழாத் தெரிஞ்சுது. "ஒழுகுதே பாப்பா."

"ஒழுகுது. சந்தனம் மாட்டிக்கிச்சு. சுத்தமான பேசின் ஒண்ணு குடு."

அவரு கழுவி வெச்சிருந்த பொரிப் பேசினத் தள்ளுனாரு. ஒத்த விரலால வால்வ நெம்பித் திருப்புனா, புது ஆயிலு ரெஞ்சு இல்லாம, சிந்தாம, நூலு பிடிச்ச மாதிரி இறங்குச்சு. அத அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு. ஒழுகுனா ரூமு திறக்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்னு பந்தயம் கட்டுனவ ரேணுகா, தோத்தாச்சு, அதனால எடுக்கல. மேல அம்மா ஃப்ளஷ்ஷ அமுக்குனா. கொஞ்ச நேரம் கழிச்சு, தேவையே இல்லாம, இன்னொரு தடவ அமுக்குனா.